எண்பதா, எண்பத்து நான்கா?



வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் பிறந்தநாள் என்றதும் ஆங்கிலத் தேதியே நினைவிற்கு வருகிறது. எங்கள் பாட்டாவிற்கு அப்படியொரு தேதி உண்டென்பதே எங்களுக்கு நெடுநாள் தெரியாது. தாத்தாவைப் பாட்டா என்றழைப்பது நாஞ்சில் நாட்டு வழக்கு. பாறசாலையிலுள்ள எங்கள் வீட்டிலும் அதுவே. பனையோலையில் எழுதிய அவருடைய சாதகம் கொல்லம் 1119, மகரம், பூயம் என்று கூறுகிறது. அஃதாவது 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த தைப்பூசம். ஆகவே அவர் பிறந்தநாளை எவரும் மறந்ததில்லை. முருகன் கோயில் காவடியே நினைவூட்டிவிடும்.

நாள்மீனைக் கொண்டு பிறந்தநாள் கொள்வதில் ஒரு வேடிக்கை உண்டு. திங்கள் 27 நாள்மீன்களையும் ஏறக்குறைய 27 நாளில் சுற்றி வந்துவிடுகிறது. மாதமோ அதனினும் நீண்டது. எனவே ஒரு மாதத்திலேயே அதே நாள்மீன் இருமுறை வருதலும் உண்டு. அப்போது பிந்தியதைக் கொள்வதே பெரும்பான்மை வழக்கு. முந்தியதற்கும் பாயசம் வைத்தாக வேண்டும் என்று சிறுவர் நாங்கள் வழக்காடுவோம். பாட்டா எங்கள் கட்சியிலேயே சேர்ந்துகொள்வார்.

பாறசாலை எல்லையூர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரையும் இணைய வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. எனினும் அத்தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாட்டாவிற்கு அப்போது வயது 12. நடந்தே சென்று வரும் தொலைவில், களியக்காவிளையில் இருந்த அவருடைய அத்தை வீடு அன்று முதல் அயல் மாநிலம் ஆயிற்று. "அத்தை வைக்கும் மீன்குழம்பு மட்டும் மாநிலம் மாறவில்லை" என்பார். அவருடைய அரசியல் பேச்சு அவ்வளவோடு முடிந்துவிடும். பள்ளியில் அவர் கற்றது மலையாளம். தமிழெழுத்தை அவருடைய அன்னையார் முற்றத்து மணலில் விரல்பிடித்து எழுதுவித்தாராம்.

எண்பது நெருங்கிய பொழுதுதான் எல்லை வீட்டிற்குள்ளேயே வந்துவிட்டது. ஆயிரம் பிறை கண்டவர்க்குச் செய்வது சதாபிஷேகம். ஒரு முழுநிலவிற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 29½ நாள்; இக்கணக்கில் ஆயிரம் நிலவிற்கு 80 ஆண்டும் 10 திங்களும் ஆகின்றன. தமிழ்நாட்டில் அதனை எண்பதாம் ஆண்டையொட்டிச் செய்வர். கேரளத்தாரோ 84இல் கொண்டாடுவர். மார்த்தாண்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை 80 என்றார். திருவனந்தபுரத்தில் பணிபுரியும் சித்தப்பா 84 என்றார். தொலைபேசியில் இரு திங்கள் வாதம் நடந்தது. கணக்கில் அத்தை பக்கமே நியாயம் என்று எனக்குப் பட்டது. சித்தப்பாவிடம் அதைச் சொல்லும் துணிவுதான் இல்லை. இறுதியில் பாட்டாவே தீர்ப்பளித்தார்: "மக்களே, இப்பொழுது ஒன்று செய்யுங்கள். நான்கு ஆண்டு கழித்து நான் இருந்தால் இன்னொன்று செய்யுங்கள். இரண்டிற்கும் போளி இருக்கட்டும்."

2024 தைப்பூசத்தன்று பாட்டி அருகிருக்க விழா நடந்தது. அவியல், எரிசேரி, ஓலன் எல்லாம் இருந்தன. பால்பாயசத்தில் போளியைப் பிசைந்துண்ணும் அவ்வட்டாரச் சுவையை அறியாதவர்க்குச் சொல்லி விளக்க இயலாது.

நான் சொல்ல வந்தது அதுவன்று. பேரர், கொள்ளுப்பேரர் ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். வேறு பரிசு எதுவும் வேண்டாம் என்று பாட்டா முன்னமே கேட்டிருந்தார். புனேயில் பள்ளி செல்லும் என் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத அறியாள். அவளே யோசித்துத் தமிழ்ச் சொற்களை மராத்தி எழுத்தில் எழுதி வந்திருந்தாள். பாட்டா தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்து நெடுநேரம் பார்த்தார். ஓரெழுத்தும் அவருக்குப் புரியவில்லை. அந்நேரம் நான் தலைநிமிரவில்லை. கற்பிக்க எனக்கு ஓய்வில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"நீயே படி, மக்களே" என்றார். அவள் படித்தாள். மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. ஆகவே "வாள்த்துகள் பெரிய பாட்டா" என்று தொடங்கிற்று. பாட்டா வாய்விட்டுச் சிரித்தார். பின்னர்த் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பச் சொல்லி, அவள் விரலைப் பிடித்து ழகரத்தை எழுதுவித்தார். விருந்தினர் இலைமுன் காத்திருந்தனர், பாட்டா எழவில்லை. எட்டாவது முறை எழுத்துச் சரியாக வந்தது.

பங்குனியில் அவள் தமிழிலேயே மூன்று வரி எழுதினாள். உறைமேல் முகவரியும் தமிழில்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதம். அவளறியாமல் கீழே ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதி அஞ்சலில் சேர்த்தேன். ஆறாம் நாள் பாட்டா தொலைபேசியில் அழைத்தார். கடிதத்தைச் சாதக ஓலையுடன் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டாராம். இரண்டாம் வரியில் ஓரிடத்தில் றகரம் ரகரம் ஆகியிருக்கிறதாம். அதைச் சொல்லவே கூப்பிட்டாராம்.