கணக்கில் தெரியாத பணம் வந்தால்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், பண விஷயத்தில் குழப்பம் வந்தால் நம் குடியிருப்பில் பலரும் என் வீட்டுக் கதவைத் தட்டுவது வழக்கம். போன மாதம் ஒரு மத்தியானம் ஓர் அம்மா கையில் போனோடு வந்தார். "அண்ணாச்சி, என் கணக்குல பதினஞ்சாயிரம் ஏறிருக்கு. ஒரு பையன் போன் போட்டு அழுதான். அவங்க அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கானாம், ஒரு நம்பர் தப்பா அழுத்திட்டானாம். திருப்பி அனுப்பிரட்டுமா, பாவமா இருக்கு" என்றார்.

"பேலன்ஸ் பார்த்தீங்களாம்மா?" என்றேன். பார்க்கவில்லை. வங்கி ஆப்பைத் திறந்து பார்த்தால் காலையில் இருந்த இருப்பு அப்படியே இருந்தது. ஒரு பைசா ஏறவில்லை. 'பணம் வரவு' என்று வந்த செய்தி சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருந்தது. வங்கியின் செய்தி அப்படி வராது. எழுத்துகளால் ஆன பெயரில்தான் வரும். பாவம் பார்த்து அனுப்பியிருந்தால் அவருடைய சொந்தப் பணம் போயிருக்கும்.

ஆகவே முதல் பாடம் இது. செய்தியை நம்பாதீர்கள். ஆப்பிலோ, பாஸ்புக்கிலோ, ஏடிஎம்மிலோ இருப்பைப் பாருங்கள்.

சரி, பணம் உண்மையிலேயே ஏறியிருந்தால்? அப்படியும் நடக்கிறது. 2023 செப்டம்பரில், நம் பக்கத்துத் தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியில், சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவானது. அவரும் முதலில் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தார். சோதித்துப் பார்க்க 21,000 ரூபாயை நண்பருக்கு அனுப்பினார், போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் வங்கி மீதியை எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய வருடம் மே மாதம், சென்னை தி.நகரில் எச்டிஎஃப்சி வங்கிக் கிளை ஒன்றில் 100 வாடிக்கையாளர்களின் கணக்கில் தலைக்கு 13 கோடி காட்டியது. மென்பொருளில் செய்த மாற்றத்தால் வந்த பிழை என்று வங்கி விளக்கியது.

இவை வங்கியின் சொந்தப் பிழைகள். இப்படிப்பட்ட பிழையை வங்கியே திருப்பிப் பதிந்துகொள்ளும். நம்மைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் செலவழித்தவர்கள் கதி என்ன? 2023 தீபாவளியை ஒட்டி, நவம்பர் 10 முதல் 13 வரை, யூகோ வங்கியின் ஐஎம்பிஎஸ் வழியில் கோளாறு ஏற்பட்டு 41,000க்கும் மேற்பட்ட கணக்குகளில் சுமார் 820 கோடி தவறாக ஏறியது. சில நாட்களில் 649 கோடியை வங்கி மீட்டுவிட்டது. மீதியைப் பலர் எடுத்துச் செலவழித்துவிட்டார்கள். வங்கி சிபிஐயிடம் புகார் கொடுத்தது. சிபிஐ வழக்குப் பதிந்து பல ஊர்களில் சோதனை நடத்தியது. தீபாவளிக்கு லட்சுமி வந்தாள் என்று நினைத்தவர்களின் வீட்டு வாசலில் அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவுப்படி, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'நானா கேட்டேன், அவர்கள்தானே போட்டார்கள்' என்ற வாதம் எடுபடாது. நம்முடையது இல்லை என்று தெரிந்தும் நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொண்டால், அது குற்றமும் ஆகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவில் அதற்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு வருடம் சிறை, அபராதமும் உண்டு.

இதைக் கேட்டதும் நல்ல மனசுக்காரர்கள் பயந்துபோய், போன் செய்தவருக்கு உடனே அனுப்பிவிடப் பார்ப்பார்கள். அதுவும் தப்பு. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு முக்கியமாக வந்தேன்.

போனில் பேசுகிறவர்தான் பணம் போட்டவர் என்பதற்கு என்ன அத்தாட்சி? அவர் கொடுக்கும் எண் வேறு கணக்காக இருக்கலாம். ஒருவேளை அவரே அனுப்பியிருந்தாலும், நம்மிடம் ஒருமுறை வாங்கிக்கொண்டு, தன் வங்கியில் புகார் கொடுத்து இன்னொரு முறையும் கேட்கலாம். இவை இரண்டையும்விட மோசமானது மூன்றாவது. அந்தப் பணம் வேறு யாரிடமோ திருடியதாக இருக்கலாம். மோசடிக்காரர்கள் திருடிய பணத்தை நாலைந்து கணக்குகள் வழியாக ஓட்டுவார்கள். பணத்தை இழந்தவர் 1930க்குப் போன் செய்ததும், அது போன வழியில் உள்ள கணக்குகளில் எல்லாம் பிடித்தம் விழும். அந்த வரிசையில் உங்கள் பென்ஷன் கணக்கும் இருந்தால்? முதல் தேதி மருந்து வாங்கப் பணம் எடுக்க முடியாது. 'யாரோ கேட்டார், பாவம் என்று அனுப்பினேன்' என்று எங்கோ உள்ள காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். பணத்தைத் தொடாதீர்கள். போனில் கேட்பவரிடம், "உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், நானும் என் வங்கியில் சொல்லிவிடுகிறேன்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். ஓடிபி, பின் எண் எதையும் சொல்லாதீர்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண்ணே தேவையில்லை. பின் எண் போட்டால் அது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கு. அன்றைக்கே அல்லது மறுநாள் உங்கள் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மேலாளர் அவர்களுக்கு, என் சேமிப்புக் கணக்கில் (எண்) இந்தத் தேதியில் இத்தனை ரூபாய் வரவாகியுள்ளது. அதன் பரிமாற்ற எண் இது. இது எனக்கு வர வேண்டிய பணம் அல்ல. இதை நான் பயன்படுத்தவில்லை. விசாரித்து, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு என் சம்மதத்தை இதன் மூலம் தருகிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்கள் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து கிளைக்கு அனுப்பலாம். அந்தக் கடைசி வரி அவசியம். ஏனென்றால் இன்னொரு வாடிக்கையாளர் எண் மாற்றிப் போட்டு வந்த பணத்தை, உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கி பொதுவாக எடுக்காது. எழுதிக் கொடுத்த தேதியில் உங்கள் நேர்மை பதிவாகிவிடுகிறது. பிறகு யார் வந்து கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டலாம். முப்பது நாளாகியும் வங்கி பதிலே சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கான தொலைபேசி எண் 14448.

நாமே தவறாக அனுப்பிவிட்டால்? சீசன் நேரத்தில் குற்றாலத்தில் அறைக்கு முன்பணம் போடும்போது ஓர் எண் மாறுவது சகஜம். நெஃப்டில் பெயரைப் பார்த்துப் பணம் ஏறுவதில்லை, கணக்கு எண்ணை வைத்தே ஏறுகிறது. அதனால்தான் 2025 ஏப்ரல் முதல், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. அந்தப் பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள். மாறிப் போனால் உடனே உங்கள் வங்கியில் புகார் பதியுங்கள். பணம் போனவரைத் தேடிப் பிடித்துச் சண்டை போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1992 என்று நினைவு. வெளியே சாரல், ஊர் முழுக்கச் சீசன் கூட்டம். அன்றைக்கு நான் கேஷ் கவுண்டரில். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 5,000 ரூபாய் குறைந்தது. லெட்ஜர் காலத்தில் எங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், எழுத்தில் தேடு. 5,000 ஒன்பதால் வகுபடாது. ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று சரியாக 5,000. கட்டே கை மாறிப் போயிருக்கிறது என்று புரிந்தது. குறைந்தால் கேஷியர்தான் கட்ட வேண்டும். அது என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். வீட்டில் சொல்லாமல் ராத்திரி முழுக்க முழித்துக் கிடந்தேன்.

மறுநாள் கிளை திறக்கும் முன்பே, சிப்ஸ் கடை போட்டிருந்த ஒருவர் வாசலில் நின்றார். "தம்பி, நேத்து ஒரு கட்டு கூட வந்துட்டு. ராத்திரிதான் எண்ணிப் பார்த்தேன்" என்று மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேனேஜர் மேஜையில் வைத்தார். அதை எண்ணி, சீட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் போனார்.

இன்றைக்குக் கவுண்டர் போனுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் எங்கோ ஒருவர் இப்படி முழித்துக் கிடப்பார். அவர் பணம் அவருக்குப் போய்ச் சேரட்டும், அந்தச் சிப்ஸ் கடைக்காரர் கொடுத்தது போல வங்கி வழியாக, சீட்டோடு. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை இன்றே சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால், பணத்தை அனுப்புவதற்கு முன்னால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.