மோட்டாருக்கேற்ற காண்டாக்டர்

(ராயகிரியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



மலையடிவாரத்து ராயகிரியில் தண்ணீரின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன்பின் நெல்லைச் சீமையில் கமலை படிப்படியாக ஓய்ந்தது, மோட்டார் பெருகியது. இன்று தெருமுனைத் தொட்டிக்கு நீரேற்றுவது ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் சிறு மோட்டாரே ஆகும். அதனை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் காண்டாக்டரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

மிதவை ஸ்விட்சின் மெல்லிய தொடுமுனை மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்காது. ஆகவே அது காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்க, காண்டாக்டர் மோட்டாரின் சுமையை ஏற்கின்றது.

கடையில் "ஐந்து குதிரைசக்திக் காண்டாக்டர் கொடுங்கள், நம் மோட்டார் இரண்டுதானே" என்று கேட்டு வாங்குவோர் பலர். இங்கேதான் தவறு நேர்கின்றது. அந்தக் குதிரைசக்திக் கணக்கு மும்முனை மோட்டாருக்கு உரியது. மும்முனையில் ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஏறக்குறைய 7, 8 ஆம்பியர்தான் இழுக்கும். ஒருமுனையில் ஒரு குதிரைசக்தி மோட்டாரே ஏறக்குறைய அவ்வளவு இழுத்துவிடும். இரண்டு குதிரைசக்தியானால் 12 ஆம்பியரையும் கடக்கலாம். எனவே குதிரைசக்தியை விடுத்து, மோட்டாரின் தகட்டில் பொறித்துள்ள ஆம்பியரைப் பாருங்கள்.

காண்டாக்டரில் இரண்டு அளவுகள் இருக்கும். ஏ.சி.-1 என்பது ஹீட்டர் போன்றவற்றுக்கு, ஏ.சி.-3 என்பது மோட்டாருக்கு. 25 ஆம்பியர் என்று பெரிதாக எழுதியிருப்பினும் ஏ.சி.-3 அளவு 9 ஆம்பியராகவே இருக்கக்கூடும். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்சாரம் பாயும். தகட்டில் 7.5 ஆம்பியர் என்றிருந்தால் அக்கணத்தில் 38 முதல் 52 ஆம்பியர் வரை பாயும். ஆதலால் ஏ.சி.-3 அளவு தகட்டின் ஆம்பியரைவிடச் சற்று மிகுந்திருத்தல் நலம்.

அடுத்தது காயில். 415 வோல்ட் காயிலை ஒருமுனையில் கோத்தால் அது சரியாக இழுக்காது. 230 வோல்ட் காயிலே வேண்டும். அதுவும் 85 சதவீதத்திற்கு, அதாவது 196 வோல்ட்டுக்குக் கீழே மின்னழுத்தம் தாழ்ந்தால் படபடவென்று அடித்துக்கொள்ளலாம். அவ்வொலி கேட்டதும் நிறுத்திவிடுங்கள். தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. தொட்டி வழியும், ஆழ்துளைக் கிணறு வற்றும், மோட்டார் கருகும். ஊராட்சிப் பணம் இவ்வாறு வீணாகலாமா?

காண்டாக்டர் ஒரு கதவு; காவலன் அன்று. ஓவர்லோடு ரிலேயும் எம்.சி.பி.யும் உடன் இருத்தல் வேண்டும். மூன்று முனை ரிலேயை வைத்தால், மின்சாரம் மூன்று முனைகளின் வழியாகவும் தொடர்ந்து செல்லுமாறு கம்பியைச் சுற்றிக் கோக்கச் சொல்லுங்கள். இல்லையேல் ஒரு முனை அறுந்ததென்று எண்ணிச் சில ரிலேக்கள் காரணமின்றி விழும்.

இறுதியாக ஒன்று. பொத்தானால் இயங்கும் காண்டாக்டர் மின்தடையின்போது தானே விடுபடும். மின்சாரம் மீண்டாலும் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் கிளம்பாது. மிதவை ஸ்விட்சு கோத்த இடத்தில் இக்காவல் இல்லை. மின்சாரம் வந்ததும் தானே ஓடும். எனவே கிணற்றில் இறங்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கருகிய மோட்டாரை மாற்றிவிடலாம். போன உயிரை மீட்க இயலாது.