கேஸ் ஷீட்டில் விடுபடும் தேதி

மருத்துவர்களே, மருந்தாளுநர்களே, செவிலியர்களே, மாணவர்களே, இதயச் செயலிழப்பு மருந்துகளின் அரிதான பாதகவிளைவுகளைப் பேச வந்திருக்கிறோம். நீங்கள் நான்கு தரப்பினரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதும் அரிதுதான். தலைமை உரை நீண்டால் பசிக்கும் என்று தெரியும். ஒரு கதையோடு ஆரம்பிக்கிறேன்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, நள்ளிரவில் ஓர் அம்மாவை உதடு வீங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றேன். "இறால்" என்றார். அலர்ஜி என்று எழுதி, ஏவிலும் ஸ்டீராய்டும் போட்டேன். மறுநாள் வீக்கம் வடிந்தது. என் ஊசிதான் வடித்தது என்று நம்பினேன். அது தானாகவே வடிந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். அப்போதும் அதே ஊசி. மூன்றாம் முறை நாக்கு வீங்கிவிட்டது. மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் குழாய் செலுத்தி உயிரைக் காப்பாற்றினார். அவர்தான் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். எனலாப்ரில் இருந்தது. "மூணு வருசமா ஒத்துக்கிட்ட மாத்திரை, இப்ப எப்படி சார்?" என்று மகன் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் இதுதான். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மருந்துகள் தடுக்கும் நொதியே பிராடிகைனினையும் சிதைக்கிறது. நொதி முடங்கினால் பிராடிகைனின் தேங்கும், நுண்குழல்கள் கசியும், திசு வீங்கும். இதில் ஹிஸ்டமினுக்குப் பங்கில்லை. அதனால் அரிப்பில்லை, தடிப்பில்லை. ஏவிலுக்கு அங்கே வேலையுமில்லை. ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஏழு பேர் வரை பாதிக்கப்படலாம். முதல் வாரத்திலும் வரும், பல ஆண்டுகள் கழித்தும் வரும்.

இந்த மருந்து பிறந்த கதையிலேயே இந்த விளைவும் இருக்கிறது. 1949-இல் பிரேசிலில் ரோஷா இ சில்வாவின் குழு ஜரராகா பாம்பின் நஞ்சை ஆராயும்போது பிராடிகைனினைக் கண்டது. பின்னர் செர்ஜியோ ஃபெரேரா, பிராடிகைனினின் வீரியத்தைக் கூட்டும் பொருள் அதே நஞ்சில் இருப்பதைக் காட்டினார். அந்தத் தடத்தில் வந்ததுதான் கேப்டோப்ரில்.

பிராடிகைனினைச் சிதைக்கும் நொதிகளில் இரண்டைச் சேர்த்தே முடக்கிய ஓமபாட்ரிலாட், 25,000 பேர் பங்கேற்ற ஆக்டேவ் சோதனையில் 2.17 விழுக்காட்டினருக்கு இந்த வீக்கத்தைத் தந்தது. எனலாப்ரில் தரப்பில் 0.68. ஓமபாட்ரிலாட் சந்தைக்கே வரவில்லை. சாகுபிட்ரிலை எனலாப்ரில் வகையோடு சேர்க்காமல் வல்சார்டானோடு இணைத்ததும், அதைத் தொடங்குமுன் எனலாப்ரில் வகை மாத்திரையை நிறுத்தி 36 மணி நேரம் காத்திருக்கச் சொல்வதும் அந்தப் பாடத்தினால்தான். வார்டில் அந்த இடைவெளியைக் காக்கிறோம். வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் ராமிப்ரில் அட்டையை யார் கேட்கிறோம்?

'அரிது' என்ற சொல்லிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சாகுபிட்ரில்-வல்சார்டான் இணையை எனலாப்ரிலோடு ஒப்பிட்டு 2014-இல் வெளியான பாரடைம் சோதனையில், முன்னோட்டக் கட்டத்திலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் விலகினார், பெரும்பாலும் பக்கவிளைவுகளால். தாங்கிக்கொண்டவர்களிடம் எடுத்த கணக்கைத்தான் நாம் மேற்கோள் காட்டுகிறோம். 1999-இல் ரேல்ஸ் சோதனை வந்ததும் கனடாவின் ஒன்டாரியோவில் ஸ்பைரோனோலாக்டோன் பரவலாயிற்று. கிரியாட்டினின் 2.5-க்கு மேல் இருந்தவர்களை ரேல்ஸ் சேர்க்கவே இல்லை. வெளியே அப்படி வாசல் காப்பவர் யார்? அங்கே இதயச் செயலிழப்பு நோயாளிகளில், பொட்டாசியம் கூடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருபவர் கையில் இளநீர் இருக்கும். அன்போடு வரும் பொட்டாசியம் அது; கட்டில் பக்கம் பார்த்துவிட்டு மருந்தட்டையைப் பார்ப்பது நல்லது.

டாபாக்ளிஃப்ளோசின் பற்றி ஒரு தனி அமர்வே இருப்பதால் ஒன்று மட்டும். அறுவைக்காகப் பட்டினி கிடப்பவருக்கு வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால், குளுக்கோமீட்டர் 160 காட்டுகிறதே என்று நிம்மதியாகாதீர்கள். சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் வரும். அறுவைக்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்தியாக வேண்டும்.

இத்தகைய விளைவுகளைப் பதிவுசெய்யும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கியது. அதன் படிவத்தில் மருந்து தொடங்கிய தேதிக்கும் விளைவு தெரிந்த தேதிக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நிரூபணம் கேட்பதில்லை, சந்தேகம் போதும்; 1800-180-3024 என்ற எண்ணில் தொலைபேசியிலும் சொல்லலாம். நான் பார்த்த பெரும்பாலான கேஸ் ஷீட்டுகளில் முதல் தேதி இல்லை. 'வழக்கமான மாத்திரைகள்' என்ற இரண்டு சொல் மட்டும் இருக்கும். அந்த அம்மாவுக்கு நான் எழுதியதும் அதைத்தான், இரண்டு முறையும்.

அமர்வுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று நோயாளியின் கதையைச் சொல்ல வருபவர் முதல் மாத்திரை விழுங்கிய தேதியைச் சொன்ன பிறகே அடுத்த படத்துக்குப் போகட்டும். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.