விளங்காத மொழியில் ஆராதனை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் சைவப் பிள்ளை என்பது இங்கே பலருக்குத் தெரியும். காலைப் பிரார்த்தனையில் பாட்டுப் புத்தகத்துக்குள் இரசாயனக் குறிப்பை ஒளித்துவைத்துப் பாடமாக்கியவள் என்பதும் தெரியும். அப்படிப்பட்டவள் நோர்வேயில் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனாள் என்றால் சிரிப்பீர்கள்.

2008 இல் மேற்பயிற்சிக்காகப் பேர்கன் நகரத்துக்குப் போனேன். மழைக்குப் பேர்போன ஊர். படிகள் ஏறிப்போனால், மேட்டிலே 1894 இல் கட்டி முடித்த செங்கல் தேவாலயம். லூதரன் சபை. முதல் நாள் மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். ஓகன் தொடங்கியதும் எங்கள் மண்டபப் பழக்கத்தில் எழும்பி நின்றேன். பார்த்தால் எல்லாரும் இருந்துகொண்டு பாடுகிறார்கள்! அங்கே பாட்டுக்கு இருப்பார்கள், சுவிசேஷம் வாசிக்கத்தான் எழும்புவார்கள். பக்கத்திலிருந்த வயதான அம்மா என்னைக் கையில் பிடித்து இருத்தி, புத்தகத்தை விரித்து, வரிக்கு வரி விரல் வைத்துக் காட்டினார். பாட்டு இலக்கத்தைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிரசங்கமும் அப்படித்தான். (நீளம் மட்டும் எல்லா நாட்டிலும் ஒன்று.) பிறகு எல்லாரும் தலைகுனிந்து ஒரே குரலில் ஏதோ சொன்னார்கள். நிறுத்தும் இடங்களைக் கேட்டதும் பிடிபட்டது: கர்த்தர் கற்பித்த ஜெபம். பதின்மூன்று வருடம் இங்கே சொன்னது. நான் தமிழில் சொன்னேன்.

2009 தையில் அண்ணா குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டுவிட்டது. தொலைபேசித் தொடர்பு இல்லை. ஆஸ்பத்திரியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேள்வி வரும், என்னிடம் பதில் இல்லை. தேவாலயத்தில் கேள்வி கேட்க மொழியே இல்லை. மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் ஞாயிறுதோறும் ஐந்து ஏற்றுவேன். அந்த அம்மா ஒருநாள் நின்று எண்ணினார். அடுத்த கிழமை தொடக்கம் என் ஐந்துக்குப் பக்கத்தில் தானும் ஒன்று ஏற்றினார்.

வைகாசி கடைசியில் வவுனியா முகாமிலிருந்து செய்தி வந்தது. அந்த ஞாயிறு அவரைக் கண்டதும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். நோர்வேக்காரர் இலகுவில் கட்டியணைக்கிறவர்கள் அல்ல. அவர் அணைத்தார். பிறகு ஆராதனை முடிந்து கோப்பி மேசைக்குக் கூட்டிப்போய், என் வாஃபிளில் ஜாமை அள்ளி அள்ளிப் போட்டார்.