மீன் தொட்டியின் பஞ்சு



இன்று மீன் தொட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "குடிக்கவே தண்ணீர் இல்லை, இதில் மீன் வேறா?" என்று பின்னால் ஓர் அக்கா சிரிக்கிறார். ஆனால் நம் தாராவியில் பத்துக்குப் பத்து அறையிலும் தொட்டி இருக்கிறது. பிள்ளை ஆசைப்படும். கிராபர்ட் மார்க்கெட் போய் வாங்கி வந்துவிடுவோம்.

நாங்களும் என் தங்கைக்கு ஆறு கப்பி மீன் வாங்கினோம். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். தொட்டித் தண்ணீரை முழுக்கக் கொட்டினேன். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெளுக்கும் வரை கசக்கினேன். கல்லை வெயிலில் காய வைத்தேன். தொட்டி பளபளத்தது. ஒரு வாரத்தில் ஆறு மீனும் செத்தன. தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஏன் செத்தன? மீன் தண்ணீரிலேயே கழிக்கிறது. அதிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. பொதுக் கழிப்பறையில் கண்ணை எரிக்குமே ஒரு வாடை, அதுதான். பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் கெடுதல் குறைவு. இந்தக் கிருமிகள் புதுத் தொட்டியில் பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். நான் அவற்றை ஒரே நாளில் கொன்றுவிட்டேன்.

மும்பைத் தண்ணீரைப் பாண்டூப் போன்ற இடங்களில் மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். நோய்க் கிருமி சாக அது வேண்டும். ஆனால் அது நல்ல கிருமியையும் கொல்லும்.

ஆகவே பஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள். சோப்பு ஆகவே ஆகாது. தண்ணீர் ஓட்டம் குறைந்தால், தொட்டித் தண்ணீரை ஒரு மக்கில் எடுத்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் இருக்கட்டும். பஞ்சு கிழிந்துபோனால் புதியதோடு பழைய துண்டையும் சில வாரம் சேர்த்து வையுங்கள். உறை மோர் முழுவதையும் கொட்டிவிட்டால் நாளைக்குத் தயிர் ஏது?

தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றுங்கள். புதுத் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். இரவில் மோட்டாரை நிறுத்தாதீர்கள். காற்று இல்லாவிட்டால் கிருமிகள் செத்துவிடும்.

கடையில் பீங்கான் வளையமும் கரியும் காட்டுவார்கள். வளையம் நல்லது. அதில் நுண்ணிய துளைகள் உண்டு, கிருமிகளுக்கு நிறைய இடம். பல ஆண்டு உழைக்கும். கரி வாடையையும் நிறத்தையும் இழுக்கும். சில வாரத்தில் அதன் வேலை முடிந்துவிடும், மாற்ற வேண்டும். மீனுக்கு மருந்து ஊற்றினால் அதையும் இழுத்துவிடும். என்னைக் கேட்டால் சின்னத் தொட்டிக்குக் கரி வேண்டாம், பஞ்சே போதும்.

பஞ்சு பிழிந்த நாளைக் காலண்டரில் எழுதுங்கள். ப, ஞ், சு. மூன்றே எழுத்து.

எங்கள் வீட்டில் இப்போது தங்கைதான் எழுதுகிறாள். புதிய கப்பிகள் குஞ்சு போட்டிருக்கின்றன. குஞ்சு வேண்டுவோர் பாட்டில் கொண்டு வாருங்கள். எங்கள் பழைய பஞ்சிலும் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன்.