17ஆம் நாள் காலை

(அறநிதியின் நன்கொடையாளர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பூசை நிறைவுற்று, அன்னதானத்திற்கு இலை போடும் நேரத்தில், மரணத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நிர்வாகத்தினரின் துணிச்சலைப் பாராட்டுகிறேன்!

நம் வீடுகளில் ஒருவர் காலமானால் என்ன நடக்கும்? வாசலில் பந்தல் எழும். அண்டை வீட்டார் காப்பி கலந்து கொடுப்பார்கள். காடாத்து, எட்டாம் நாள், 16ஆம் நாள் கருமாதி என்று உறவினர் வருவதும் போவதுமாய் இருப்பார்கள். 17ஆம் நாள் காலையில் வாடகை நாற்காலிகள் லாரியில் ஏறிவிடும். தொலைபேசி ஓய்ந்துவிடும். அலமாரியைத் திறந்தால் அவருடைய சட்டை தொங்கும். துக்கத்தில் இருப்போருக்குத் துணை நிற்கும் தொண்டர்களின் வேலை அன்றுதான் தொடங்குகிறது.

இப்பணி முறைப்படி அமைந்து வெகுகாலம் ஆகவில்லை. 1959இல் இங்கிலாந்தில் மார்கரெட் டாரி என்ற அம்மையார், கணவரை இழந்த பெண்களுக்காகக் குரூஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1966இல் வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. மாண்ட 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அங்கு உதவச் சென்றவர்களுள் ஒருவர் மனநல மருத்துவர் காலின் மரே பார்க்ஸ். பின்னர் அவர், 1967இல் லண்டனில் திறக்கப்பட்ட செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தில், பயிற்சி பெற்ற தொண்டர்களே துக்க வீடுகளுக்குச் செல்லும் முறையை ஏற்படுத்தினார். நம் வட்டாரத்திலும் 1969இல் சிங்கப்பூரிலும் 1970இல் கோலாலம்பூரிலும், மனம் உடைந்தவர்களின் பேச்சைத் தொலைபேசியில் கேட்கும் தொண்டர் அமைப்புகள் தோன்றின. ஹாஸ்பிஸ் மலேசியா 1991இல் உருவானது.

என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கேட்போம், அவ்வளவுதான். இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்வோம். முதல் பிறந்தநாள், முதல் தீபாவளி, தலைத்திதி, இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு அழைப்போம். "தாத்தா தூங்குகிறார்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்போம். அப்படிக் கேட்ட பிள்ளை இரவில் தூங்க அஞ்சும். மாதங்கள் பல கடந்தும் உண்ணாமல், உறங்காமல், 'நானும் போய்விடுகிறேன்' என்று பேசுகிறவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அங்கே எங்கள் ஆறுதல் போதாது.

இறந்தவரை மறந்து, பற்றை அறுத்துக்கொள்வதே குணமாகும் வழி என்று மேலை நாட்டு வல்லுநர் பலர் நெடுங்காலம் கருதினார்கள். 1996இல் டென்னிஸ் கிளாஸ் முதலியோர் தொகுத்த நூல், அந்த உறவு தொடர்வதும் இயல்பே என்று எடுத்துக்காட்டியது. ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கும் நமக்கு இது புதிதா? ஆனால் அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ள நான் தயாராக இல்லை. அதே நாம்தான் கணவனை இழந்தவளை மணமேடைக்கு அருகில் வரவிடாமல் ஒதுக்குகிறோம். மகனைப் பறிகொடுத்த தகப்பனிடம் "ஆம்பிளை அழலாமா" என்கிறோம்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொண்டனாகச் சேர்ந்த முதல் ஆண்டு. ஒன்பது வயது மகனை நோய்க்குக் கொடுத்த ஒரு தாயின் வீட்டுக்குச் சென்றேன். அவர் அழுகையைத் தாங்க முடியாமல், "நல்ல பிள்ளைகளை ஆண்டவன் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறான் அம்மா" என்றேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் மூத்தவனையும் அழைத்துக்கொள்வானா ஐயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுமுறை சென்றபோது கதவு திறக்கவில்லை. எனக்குப் பயிற்சி தந்த அம்மையாரிடம் சொன்னேன். "அதை அவருக்காகவா சொன்னாய், உனக்காகவா?" என்றார். இன்றும் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது.

நம் ஆலயத்தில் மோட்ச தீபச் சீட்டு எழுதும் ஊழியரைக் கவனித்திருக்கிறீர்களா? "பெயர் என்ன?" என்று அவர் கேட்பார். அந்தப் பெயரைச் சொல்லி முடிக்குமுன் பலருக்குக் குரல் உடைந்துவிடும். அந்த ஆண்டில் அந்தப் பெயரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். சீட்டை வாங்கியவர்கள் தூணோரம் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் உட்கார இடமில்லை.

ஆகவே அறங்காவலர்களிடம் என் விண்ணப்பம் இது. மண்டபத்தின் பின்புறம் பழைய நாற்காலிகள் அடுக்கிய சிற்றறை ஒன்று இருக்கிறது. அமாவாசைதோறும் மாலை இரண்டு மணி நேரம் அதைத் தாருங்கள். பயிற்சி பெற்ற தொண்டர் இருவர் அங்கே இருப்போம். கொடையாளர்கள் மனம் வைத்தால் இன்னும் சிலருக்குப் பயிற்சி அளிக்கலாம். தமிழில் பேசத் தெரிந்த தொண்டர்கள் எங்களுக்குப் போதவில்லை.

அறையின் சாவி செயலாளரிடம் இருப்பதாகக் கேள்வி. இலை போட்டுவிட்டார்கள்.