காட்டின் வழியே தேயிலைக்கு

மலேசியாவின் கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஸ்ட்ராபெரி, சந்தை, தேயிலைத் தோட்டத்தில் எடுத்துக்கொண்ட படம் என்பார்கள். பள்ளி விடுமுறை என்றால், பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் நடுவே காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த கதையும் சேர்ந்து வரும். இன்று நான் சொல்லப் போவது நடந்து பார்க்கிற கேமரன் மலை. பிரிஞ்சாங் ஊரின் வீடுகள் முடிகிற விளிம்பில் தொடங்கி, காட்டுக்குள் ஏறி, குனோங் பிரிஞ்சாங் உச்சியைத் தொட்டு, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் ஊடாக இறங்கி, கியா ஃபார்ம் பக்கம் சாலையைப் பிடித்து மறுபடி ஊருக்கே வந்து சேரும் சுற்றுவழி அது. காலையில் கிளம்பினால் மாலைக்குள் முடித்துவிடலாம்.

இரவு தங்க நான் திரிங்காப்பைச் சொல்வேன். பிரிஞ்சாங்கைத் தாண்டி, கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கிறது. சாலையின் இரு பக்கமும் காய்கறித் தோட்டங்கள், பூத்தோட்டங்கள், சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரைகள். சுற்றுலாவுக்காக அலங்கரித்துக்கொண்ட ஊர் இல்லை, உழைக்கிற ஊர். விடியுமுன்னே லாரியில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏறுகிற சத்தத்தில் எழுந்துவிடுவீர்கள். நடைக்குக் கிளம்ப அதுதான் சரியான நேரம். மலையில் பிற்பகலில் மழை பிடித்துக்கொள்வது வழக்கம்.

இங்குள்ள காட்டுத் தடங்களுக்கு எண்கள் உண்டு. நம்முடையது முதலாம் எண் தடம். ஊர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே ஏற்றம் ஆரம்பித்துவிடும். சரியான செங்குத்து. மண்ணை விட வேரின் மேல்தான் அதிகம் கால் வைக்கிறோம். கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருக்கும். ஈரம் காயாத பாதை, ஆகவே பிடிப்புள்ள காலணி கட்டாயம். மழைச்சட்டை, தண்ணீர், கைவிளக்கு மூன்றையும் மறக்காதீர்கள். தடம் திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், எந்த வழியாகப் போகிறீர்கள் என்று தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். இதை ஒரு சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகறியச் செய்த ஜிம் தாம்ப்சன் 1967 மார்ச் 26 அன்று இதே மலையிலுள்ள தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவக் கிளம்பினார். போலீசும் ராணுவமும் பூர்வகுடி வழிகாட்டிகளும் நூற்றுக்கணக்கில் தேடியும் அவர் கிடைக்கவில்லை. இன்று வரைக்கும் கிடைக்கவில்லை.

ஏற ஏற மரங்கள் குட்டையாகிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். கீழே அண்ணாந்து பார்த்த மரங்கள் மேலே நம் தலைக்குச் சற்று மேலேயே முறுகி நின்றுவிடுகின்றன. மேகம் நாள்தோறும் வந்து உட்காரும் உயரம் இது. வெயில் குறைவு, காற்று அதிகம், மண்ணில் சத்து கிடையாது. அடிமரம், கிளை, கீழே விழுந்த கட்டை என்று எதையும் விடாமல் பாசி மூடியிருக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் தண்ணீர் கசியும். மழையை இப்படிப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்குக் கொடுப்பது இந்தப் பாசிக்காடுதான். மண்ணில் கிடைக்காத சத்தைப் பூச்சிகளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் குடுவைச் செடிகளும் இங்கே தொங்குகின்றன. தொட்டுப் பார்க்கலாம், பறிக்கக் கூடாது.

உச்சி 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கே தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன, கார் வரும் தார்ச்சாலையும் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு ஏறி வந்தால் இங்கே கார் நிற்கிறதே என்று சிலர் சோர்ந்துபோவார்கள். சோர்வுக்குத் தேவையே இல்லை. பெரும்பாலோர் இந்தச் சாலையில் காரில் ஏறி, முதலில் தேயிலையைப் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் காட்டை எட்டிப் பார்க்கிறார்கள். நாம் காட்டைக் கடந்து வந்துவிட்டோம், இனிமேல்தான் தேயிலை. அந்த வரிசைக்காகத்தான் இவ்வளவு சிரமம்.

சாலை வழியே இறங்குங்கள். மர நடைபாதை போட்ட பாசிக்காட்டு நுழைவாயில் வரும். 2,110 மீட்டர் உயரமுள்ள குனோங் இராவ் மலைக்கு ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். அதையும் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கினால் காடு முடிந்து தேயிலை தொடங்கும். ஒரு வளைவில் கைக்கெட்டும் தூரத்தில் மரம், அடுத்த வளைவில் சரிவு முழுக்க இடுப்பளவுச் செடி. காலையெல்லாம் வேரைப் பிடித்து ஏறி வந்தவருக்கு அந்த வளைவில் ஒன்று புரிந்துவிடும். இந்தப் பச்சைச் சரிவு தானாக வந்தது இல்லை. இதுவும் அந்தக் காடாகத்தான் இருந்தது. யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

அந்த யாரோ யார் என்பது நம் வீடுகளில் தெரிந்த விஷயம். நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலையைக் குறித்துவைத்தது 1885இல். நாற்பது ஆண்டு கழித்து, 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே இதை மலைவாசத்தலமாக ஆக்கும் பேச்சு வலுத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், சிலோனில் தேயிலை பயிரிட்ட அனுபவமுள்ள ஏ. பி. மில்னியோடு சேர்ந்து ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த முதல் தோட்டத்தில் காட்டைத் திருத்த இருந்தவை ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், பிறகு ஆட்களின் கைகள். அந்தக் கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அதற்கு முன் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரையில் தோட்டங்களைத் தாங்கினார்கள். விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கு, பிறகு பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே கொழுந்து பறிப்பு, முதுகில் கூடை, மாலையில் நிறுவை. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் வரும். நிறுவையில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கின் பாரம் தெரியும்.

வழியில் தோட்டத்து அம்மா ஒருவரைப் பார்த்தேன். காட்டு வழியாகவா வந்தீங்க தம்பி என்று கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்: “எங்க மாமனார் காடு வெட்டுன ஆளு. குளிருல விரலு மடங்காதாம். அடுப்புல காட்டித்தான் கத்தியப் பிடிப்பாங்களாம்.” சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சுங்கை பாலாஸ் தோட்டத்தின் தேயிலை நிலையத்துச் சுவரில் மாட்டியிருக்கும் எந்தப் படமும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

இன்று வரிசைகளுக்கு நடுவே நடந்தால் காதில் விழுவது பெரும்பாலும் வங்காளமும் நேபாளியும் இந்தோனேசிய மொழியும். விரலால் கிள்ளிய காலம் போய், பை கட்டிய கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் படித்து வெளியேறியது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் சுங்கை பாலாஸில் இன்னும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தேயிலை நிலையத்தின் காட்சி மேடையில் நின்று தேநீர் குடிக்கும் குடும்பங்கள் அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகையையும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கூடவே தொழிற்சாலையையும் பாருங்கள்: கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலிக்கிற வேலை அங்கே நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த வாசனைக்காக மட்டுமே இன்னொரு முறை இந்த மலையை ஏறுவேன்.

தோட்டத்துச் சாலை குறுகலானது. கார் வந்தால் ஓரமாக நின்று வழிவிடுங்கள். கீழே வந்ததும் தேயிலை முடிந்து, காய்கறித் தோட்டங்கள் தொடங்கும். இங்கே மண் வெட்டவெளியாகக் கிடக்கிறது. மழைக்கு மறுநாள் போனால் ஓடை செம்மண் நிறத்தில் ஓடும். இந்தப் பக்கத்து நீர் தெலோம் ஆற்றுக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு பகுதி நீரை மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகப் பெர்தாம் ஆற்றில் விட்டு, ரிங்லெட் ஏரியில் தேக்கி, மின்சாரம் எடுக்கிறார்கள். 1960களில் கட்டிய அந்த ஏரி வண்டல் சேர்ந்து மேடாகிவருகிறது. காலையில் பாசியை அழுத்தியபோது கசிந்த நீர் தெளிவாக இருந்தது. கீழே வரும்போது அதன் நிறம் மாறிவிடுகிறது. சரிவில் இருக்கிற மரத்தைக் காப்பாற்றாமல் ஏரியை மட்டும் தூர்வாரிக்கொண்டிருப்பது தீர்வாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதன்மைச் சாலைக்கு வந்துவிட்டோம். வலப்பக்கம் திரும்பி நடந்தால் கியா ஃபார்ம் சந்தை, அதைத் தாண்டினால் பிரிஞ்சாங், சுற்று முடிந்தது. இந்தப் பகுதியில் நடைபாதை சரியாக இல்லை, வாகனமோ அதிகம். பிள்ளைகளோடு வந்தவர்கள் இங்கிருந்து வாடகைக் கார் பிடிப்பதே நல்லது. இடப்பக்கம் போனால் திரிங்காப். சுடச்சுட வெந்நீரில் குளித்துவிட்டு, கேமரன் கீரை வதக்கலோடு சோறு சாப்பிடுங்கள். மறுநாள் முழங்கால் வலிக்கும், இறக்கம்தான் காரணம், கவலைப்படாதீர்கள்.